தாராவித் திட்டக் கணக்கில் தேவ்னார் எங்கே?

தாராவி மறுமேம்பாட்டுக்கான பெருந்திட்டத்திற்கு மகாராஷ்டிர அரசு 2025 மே 28 அன்று ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 95,790 கோடி ரூபாய். ஏழு ஆண்டுகளில் பணி முடியும் என்கிறார்கள். பசுமைப் பரப்பு, அகன்ற சாலைகள், நீடித்த வளர்ச்சி ஆகிய சொற்கள் அறிவிப்புகளிலும் விளம்பரங்களிலும் நிரம்பி வழிகின்றன. காகிதத்தில் வரைந்த தாராவியை மட்டும் பார்ப்பவருக்கு இச்சொற்கள் பொய்யாகத் தோன்றமாட்டா.

ஆனால் ஒரு திட்டம் சுற்றுச்சூழலுக்கு உகந்ததா, அதன் பயன் நிலைத்து நிற்குமா என்று ஆராயும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கணக்கிடுவதற்கான எல்லைக்கோட்டை யார் வரைந்தார்கள், எங்கே வரைந்தார்கள்? அந்தக் கோடு மாகிம், சயான், மாட்டுங்கா ரயில் பாதைகளுக்கு நடுவிலேயே நின்றுவிடுமானால் தாராவி பசுமையாகவே தெரியும். அங்கிருந்து வெளியேற்றப்படுவோர் எங்கே குடியேற்றப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கோடு வரைந்தால், தேவ்னார் குப்பைமேடும் காஞ்சூர்மார்க், முலுண்ட் உப்பளங்களும் கணக்கிற்குள் வந்துவிடுகின்றன. அப்போது விடை தலைகீழாகிறது. தாராவித் திட்டம் குறித்து உழைக்கும் மக்களின் தரப்பிலிருந்து நாம் எழுப்ப வேண்டிய மையமான வாதம் இதுவே.

மறுமேம்பாட்டை நாம் எதிர்க்கவில்லை

ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்பில் பல லட்சம் மக்கள் நெருங்கி வாழும் பகுதி தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சாதியக் கொடுமையையும் பஞ்சத்தையும் விட்டு வந்த தமிழர்கள் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்தும், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் சூளை வைத்தும், கோலி மீனவர்கள் தங்கள் பழைய ஊரை விடாமல் காத்தும் உருவாக்கிய நிலம் இது. சதுப்பை மேடாக்கியவர்கள் இம்மக்களே. அவர்களுக்கு இன்றும் வீட்டிற்குள் கழிப்பறை இல்லை. மழைக்காலத்தில் சாக்கடை நீர் வாசலைத் தாண்டி உள்ளே வருகிறது. பல சந்துகளில் நண்பகலிலும் வெளிச்சம் விழுவதில்லை. இந்த நிலை மாற வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து கிடையாது. "இருப்பது இருக்கட்டும்" என்று சொல்வது இடதுசாரிகளின் நிலைபாடாக இருக்கவும் முடியாது.

மாற்றம் யாருக்காக, யார் செலவில் என்பதே கேள்வி. 2004இல் தொடங்கிய மறுமேம்பாட்டு முயற்சி பலமுறை ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டும் கைவிடப்பட்டும் வந்தது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்தின் நிறுவனம் ஏலத்தில் வென்றது. 2023 ஜூலையில் அரசாணை வெளியாயிற்று. அதற்கென அமைக்கப்பட்ட சிறப்பு நிறுவனத்தில் அதானி குழுமத்தின் பங்கு 80 விழுக்காடு, மாநில அரசின் பங்கு 20 விழுக்காடு. அந்நிறுவனமே இப்போது 'நவபாரத் மெகா டெவலப்பர்ஸ்' என்ற பெயரில் இயங்குகிறது.

இத்திட்டம் மக்களைத் தேதிகளால் பிரிக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அத்தேதிக்கும் 2011 ஜனவரி 1க்கும் இடையில் வந்தவர்களுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி வீடு, தாராவிக்கு வெளியே. அதற்குப் பின்னர் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும் மேல்தளங்களில் குடியிருப்பவர்களுக்கும் வாடகை அல்லது தவணைமுறை வீடு, அதுவும் தாராவிக்கு வெளியே. ஒரே ஏணியில் ஏறி இறங்கும் இரு குடும்பங்களில் கீழ்வீட்டார் தாராவியில் இருப்பார். மேல்வீட்டார் நகரின் ஓரத்திற்கு அனுப்பப்படுவார். காலி செய்யப்படும் நிலத்தில் ஒரு பெரும்பகுதி, பாந்திரா-குர்லா வணிக வளாகத்திற்கு அருகில், விற்பனைக்கான கட்டடங்களாக எழும்.

அந்த "வெளியே" என்பது எங்கே?

அரசு ஒதுக்கிய நிலங்களின் பட்டியல் இதற்கு விடை சொல்கிறது. குர்லாவில் மதர் டெய்ரி நிலம், மலாட் அருகே அக்சா-மால்வணியில் 140 ஏக்கர், காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் ஆகிய இடங்களில் ஏறத்தாழ 256 ஏக்கர் உப்பளம், தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர். இவற்றுள் கடைசி இரண்டும் நம் ஆழ்ந்த கவனத்திற்கு உரியவை.

தேவ்னாரில் 1927 முதல் மும்பையின் குப்பை கொட்டப்பட்டு வருகிறது. மக்கும் குப்பை காற்றுப் புகாத ஆழத்தில் அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. அது எளிதில் தீப்பற்றும். 2016 ஜனவரி இறுதியில் அங்கு மூண்ட தீயின் புகை விண்வெளியிலிருந்து எடுத்த படங்களிலும் தெரிந்தது. சுற்றுப்புறப் பள்ளிகள் மூடப்பட்டன. குப்பையினூடாக வடியும் கழிவுநீர் நிலத்தடியில் இறங்குகிறது. குப்பை மக்க மக்க நிலம் அமிழ்கிறது. நிலம் ஒதுக்கப்பட்டபோது நடைமுறையில் இருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைத் தெளிவாகக் கணக்கில் கொண்டுள்ளன. மூடப்பட்ட குப்பைக்கிடங்கைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணித்த பிறகே, வாயு வெளியேற்றமும் கழிவுநீரின் தன்மையும் வரையறைக்குள் இருப்பதையும் மண் உறுதியாக இருப்பதையும் உறுதிசெய்துகொண்டு, மனிதக் குடியிருப்பு பற்றிப் பரிசீலிக்கலாம் என்பது அவ்விதி. தேவ்னாரில் நிலம் ஒதுக்கப்பட்ட 2024ஆம் ஆண்டில் கிடங்கு மூடப்பட்டிருக்கவே இல்லை.

குப்பையை அகழ்ந்து தரம்பிரித்து அகற்றிவிட்டால் அது கிடங்காகவே இராது என்பது ஆட்சியாளர்களின் பதில். 185 லட்சம் டன் பழைய குப்பையை அகற்ற மும்பை மாநகராட்சி 2025 மே மாதம் 2,368 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்பந்தப்புள்ளி கோரியது. குப்பை அகற்றப்படுவது நல்லதே. செம்பூர், கோவண்டி, மான்குர்டு மக்கள் பல்லாண்டுகளாகக் கேட்டு வருவதும் அதைத்தான். ஆனால் வரிசை மாறிவிட்டது. முதலில் குப்பையை அகற்றி, மண்ணையும் நீரையும் காற்றையும் சோதித்து, அதன் பிறகே அங்கே மனிதர் வாழலாமா என்று முடிவெடுக்க வேண்டும். இங்கோ முடிவை முதலில் எடுத்துவிட்டுச் சோதனையைப் பின்னால் தள்ளுகிறார்கள். நிலத்தைத் துப்புரவாக்கும் செலவு பொதுமக்களின் வரிப்பணம். அதன் பயனாகத் தாராவியில் காலியாகும் நிலத்தின் இலாபமோ பெருநிறுவனத்தின் பங்கு.

பழைய குப்பைமேட்டை என்ன செய்வது என்பதற்கு மும்பையில் வேறொரு முன்னுதாரணம் இருக்கிறது. அது தாராவியின் வாசலிலேயே உள்ளது. மித்தி ஆற்றின் கரையில் 37 ஏக்கரில் அமைந்த மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா ஒருகாலத்தில் நகரின் குப்பை கொட்டுமிடமாக இருந்தது. குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டு, மண் பரப்பி, 1983இல் மரம் நடத் தொடங்கி, 1994இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. குப்பைமேடு காடாகலாம் என்பதை மும்பை செய்து காட்டியிருக்கிறது. தாராவிக்கு அடுத்திருந்த குப்பைமேட்டில் மரங்கள். தேவ்னார் குப்பைமேட்டில் தாராவி மக்கள். இந்த வேறுபாட்டிற்கு அறிவியலில் காரணம் இல்லை.

மாகுல் கற்பித்த பாடம்

நடக்கப்போவதை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. செம்பூரை அடுத்த மாகுலில் அது ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இரசாயனச் சேமிப்புக் கலன்களும் சூழ்ந்த மாகுலில், திட்டங்களால் இடம்பெயர்க்கப்பட்டோருக்காக ஏழு மாடிகள் கொண்ட 72 கட்டடங்களில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. அப்பகுதியின் காற்றில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் மக்களின் உடல்நலத்திற்கு அச்சுறுத்தல் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் கூறிவிட்டது. தீர்ப்பாயத்தின் முன்வைக்கப்பட்ட கே.இ.எம். மருத்துவமனையின் ஆய்வு, அங்கு வாழ்வோரில் மூன்றில் இரு பங்கினர் மூச்சுத்திணறலால் அடிக்கடி அவதியுறுவதைக் காட்டியது. இத்தனைக்கும் பிறகு, 2017இல் தான்சா குடிநீர்க் குழாயின் இருபுறமும் குடிசைகள் இடிக்கப்பட்டு, அம்மக்கள் மாகுலுக்கே அனுப்பப்பட்டார்கள். தோல்நோயும் காசநோயும் மூச்சுத்திணறலும் அங்கு அன்றாடமாயின. மக்கள் மாகுலை விட்டு வெளியேறி வித்யாவிகார் நடைபாதையில் மாதக்கணக்கில் போராடினார்கள்.

2019 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், மாகுலில் வாழும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது எனத் தீர்ப்பளித்தது. மாற்று வீடு தர முடியாத குடும்பங்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் முன்பணமும் வழங்க உத்தரவிட்டது. 2020 ஆகஸ்டில் பசுமைத் தீர்ப்பாயம் நான்கு நிறுவனங்கள் 286 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. இத்தீர்ப்புகள் மக்கள் போராட்டத்தின் வெற்றிகள். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் இழந்த உயிர்களையும் இடைநின்ற குழந்தைகளின் படிப்பையும் எந்தத் தொகையாலும் ஈடுகட்ட முடியாது. குடியேற்றும் முன் செய்ய வேண்டிய மதிப்பீட்டைக் குடியேறியவர்களின் நுரையீரலில் செய்து பார்த்தார்கள் என்பதே மாகுலின் சுருக்கம்.

மாகுலும் தேவ்னாரும் மும்பை மாநகராட்சியின் 'எம்' பிரிவுகளைச் சேர்ந்த பகுதிகள். தேவ்னார் அமைந்துள்ள எம்-கிழக்குப் பிரிவு, மும்பையின் 2009ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் கடைசி இடத்தில் வைக்கப்பட்டது. அங்குள்ள லல்லுபாய் வளாகம், நட்வர் பாரேக் வளாகம் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் கட்டடங்களுக்கு இடைவெளி மூன்று மீட்டர் அளவே. வெளிச்சமும் காற்றும் எட்டாத கீழ்த்தள வீடுகளில் காசநோய் மிகுவதை 2018இல் வெளியான ஆய்வு எடுத்துரைத்தது. நகரம் தனக்கு வேண்டாத குப்பையையும் புகையையும் கொட்டிய இடத்திலேயே, தனக்கு வேண்டாத மனிதர்களையும் தொடர்ந்து கொட்டி வருகிறது.

உப்பளம் வீண்நிலம் அன்று

தானே கழிமுகத்தை ஒட்டிய உப்பளங்களை "பயன்படாத நிலம்" என்று ஆட்சியாளர்கள் அழைக்கிறார்கள். கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வரும்போது நகரின் மழைநீர் கடலுக்குள் இறங்க முடியாமல் தேங்கும். அந்நேரத்தில் நீரைத் தாங்கிக்கொள்ளும் தாழ்நிலங்களே உப்பளங்கள். அலையாத்திக் காடுகளுக்கும் நகருக்கும் இடையே அவை மடையாகவும் மடுவாகவும் பணிபுரிகின்றன. அவற்றை மேடாக்கிக் கட்டடம் எழுப்பினால் நீர் மறைந்துவிடாது. அருகிலுள்ள தாழ்வான குடியிருப்புகளைத் தேடிப் போகும்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது மித்தி ஆறு கரைபுரண்டு குர்லாவையும் தாராவியையும் மூழ்கடித்ததை மறந்தவர் இல்லை. மித்தியின் சதுப்பையும் அலையாத்தியையும் நிரவியே பாந்திரா-குர்லா வணிக வளாகம் எழுந்தது. அன்று செய்த பிழையை இன்று நகரின் கிழக்குக் கரையில் மீண்டும் செய்ய ஏற்பாடு நடக்கிறது.

தமிழகத் தோழர்களுக்கு இது புதிய கதையன்று. சென்னையின் நடுப்பகுதிக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிய கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்திற்கும் அனுப்பப்பட்டார்கள். வெள்ள அபாயத்திலிருந்து மீட்பதாகக் கூறி ஆற்றங்கரை மக்களை அகற்றி, வெள்ளம் தேங்கும் நிலத்திலேயே குடியமர்த்தினார்கள். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் செம்மஞ்சேரி நீரில் நிற்பதைக் காண்கிறோம். வேலையிடம் தொலைவாகி, பெண்களின் வீட்டுவேலை வருமானம் பேருந்துக் கட்டணத்திலேயே கரைந்ததையும் கண்டோம்.

சட்டத்தின் ஓட்டை

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994இல் சட்டபூர்வமாயிற்று. இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. சுரங்கத்திற்கும் அணைக்கும் ஆலைக்கும் மக்கள் கருத்துக்கேட்பைக் கட்டாயமாக்கும் இந்த அறிவிக்கை, கட்டுமானத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் பொதுவாக விலக்கு அளிக்கிறது. அதாவது, பல லட்சம் மக்களின் வாழ்விடத்தை மாற்றியமைக்கும் திட்டத்திற்கு, அம்மக்களை அழைத்து ஒரு நாளாவது கேட்க வேண்டிய கட்டாயம் இச்சட்டத்தில் இல்லை. மதிப்பீடும் கட்டுமான மனையை அலகாகக் கொண்டது. தாராவிக்கு ஒரு கோப்பு, உப்பளத்திற்கு ஒரு கோப்பு, தேவ்னாருக்கு ஒரு கோப்பு என்று பிரித்தால், எந்தக் கோப்பிலும் முழு உண்மை இராது.

கட்டட உரிமை மாற்றமும் இவ்வாறே. மும்பையில் கட்டடம் எழுப்புவோர் வாங்கும் மாற்று மேம்பாட்டு உரிமையில் முதல் 40 விழுக்காட்டைத் தாராவித் திட்டத்திலிருந்தே வாங்க வேண்டும் என 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. தாராவியில் உருவாகும் கூடுதல் கட்டடப் பரப்பு செம்பூரிலோ மாட்டுங்காவிலோ வேறெங்கோ மாடிகளாக ஏறும். அங்குள்ள குடிநீருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் சாலைக்கும் ஏறும் சுமை தாராவியின் கணக்கில் வராது.

இவ்வளவு பெரிய முடிவுகள் எப்போது எடுக்கப்பட்டன என்பதையும் நோக்க வேண்டும். மும்பை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. ஏலம், அரசாணை, நில ஒதுக்கீடு, பெருந்திட்ட ஒப்புதல் ஆகிய அனைத்தும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் நிர்வாக அதிகாரி ஆண்ட காலத்தில் நடந்தவை. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுக்களுக்கு அளித்த இடம் வெற்றிடமாகவே இருந்தது. 1996இல் கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், திட்ட நிதியில் மூன்றிலொரு பங்கிற்கும் மேலாக உள்ளாட்சிகளுக்கு அளித்து, ஊர்ச்சபையில் மக்கள் கூடி முன்னுரிமையை வகுக்கச் செய்தது. உள்ளூர் வளர்ச்சித் திட்டம் என்பதன் பொருள் அது. நிறுவனம் வரைய, அமைச்சரகம் ஒப்ப, மக்கள் காலி செய்வது உள்ளூர்த் திட்டம் ஆகாது.

குப்பையைக் குறைப்பவர்களைக் குப்பைமேட்டிற்கு

நீடித்த வளர்ச்சி பற்றிப் பேசுவோர் தாராவியின் தொழில்களைப் பார்க்கட்டும். பதின்மூன்றாம் காம்பவுண்டில் நகரின் நெகிழி, அட்டை, தகரம், எண்ணெய் டின் அனைத்தும் பிரிக்கப்பட்டு, கழுவப்பட்டு, மீண்டும் மூலப்பொருளாகின்றன. வீட்டிற்கும் பட்டறைக்கும் நடைதூரமே இடைவெளி. இந்த உழைப்பு இல்லாவிட்டால் அத்தனையும் குப்பைக்கிடங்கிற்கே போய்ச் சேரும். இதில் சுரண்டலும் நச்சுப்புகையும் பாதுகாப்பற்ற வேலைச்சூழலும் உண்டு. அவற்றை ஒழிக்க வேண்டும். ஆனால் தொழிலையே கலைத்து, தொழிலாளியை வேலையிடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிவிட்டால் தீர்வு வராது, குப்பைமேடுதான் வளரும். தேவ்னாருக்குப் போகும் குப்பையைத் தம் கைகளால் குறைத்தவர்களை அந்தத் தேவ்னாருக்கே அனுப்புவதைத் திட்டமிட்டவர்கள் நீடித்த வளர்ச்சி என்கிறார்கள்.

"எல்லோருக்கும் தாராவியில் இடமில்லை" என்ற வாதத்தை நம் மக்களில் சிலரும் நம்புகிறார்கள். இடமில்லாதது உழைப்பவர்களுக்கு மட்டுமே என்பதை விளக்க வேண்டும். விற்பனைக் கட்டடங்களுக்குத் தாராவியில் இடம் இருக்கிறது. எத்தனை பரப்பு விற்பனைக்கு, எத்தனை பரப்பு குடியிருப்போருக்கு என்பது அரசியல் முடிவு. பொறியியல் வரம்பு அன்று. குடியிருப்புப் பிரச்சினையை முதலாளித்துவம் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து அகற்றி வேறிடத்தில் மீண்டும் உருவாக்குகிறது என்று எங்கெல்ஸ் 1872இலேயே விளக்கினார். இன்று சேரியோடு சேர்த்துச் சூழல் கேட்டையும் இடம்பெயர்க்கிறார்கள்.

நமது கோரிக்கைகளும் கடமைகளும்

1. தாராவியையும் அனைத்து மறுகுடியமர்வு நிலங்களையும் ஒரே அலகாகக் கொண்ட ஒருங்கிணைந்த சுற்றுச்சூழல், சமூகத் தாக்க மதிப்பீடு நடத்தப்பட வேண்டும். பொது விசாரணை கட்டாயமாக்கப்பட வேண்டும்.

2. தேவ்னார் நிலத்தில் குடியிருப்பு என்ற முடிவு திரும்பப் பெறப்பட வேண்டும். உப்பளங்கள் வெள்ளக் காப்பு நிலங்களாகப் பாதுகாக்கப்பட வேண்டும்.

3. தேதியையும் தளத்தையும் காட்டிப் பிரிக்காமல், குடியிருப்போர் அனைவருக்கும் தாராவியிலேயே வீடும் தொழிலிடமும் வழங்க வேண்டும்.

4. பெருந்திட்டம், மதிப்பீட்டு அறிக்கைகள், தகுதிப் பட்டியல்கள் அனைத்தும் மராத்தி, தமிழ், இந்தி, உருது, குஜராத்தி மொழிகளில் முழுமையாக வெளியிடப்பட வேண்டும்.

நான்காவது கோரிக்கையைச் சிறியதாகக் கருத வேண்டாம். 2020இல் ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டது. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30 அன்று உத்தரவிட்டபோது, அதை நிறைவேற்றாமல் உச்சநீதிமன்றத்திற்கு ஓடியது. மக்களுக்குப் புரியும் மொழியில் ஒரு திட்டம் எழுதப்பட்டால் அதை எதிர்த்துக் கேள்வி எழும் என்பதை ஆட்சியாளர்கள் நன்கறிவார்கள்.

ஆகவே தாராவி, மாட்டுங்கா, செம்பூர்க் கிளைத் தோழர்கள் உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணிகள் உண்டு. கிடைக்கும் ஒவ்வோர் ஆவணத்தையும் தமிழில் சுருக்கி, சந்துக்கூட்டங்களில் வாசித்து விளக்க வேண்டும். கணக்கெடுப்பில் மேல்தளத்தார், வாடகைக்கு இருப்போர், பட்டறைத் தொழிலாளர் விடுபட்டிருந்தால் அவர்களின் ஆட்சேபங்களை எழுத்தில் பதிவுசெய்து, ஒப்புகைச் சீட்டைப் பாதுகாக்க வேண்டும். மாகுலில் வாழ்ந்த குடும்பங்களைத் தாராவிக் கூட்டங்களுக்கு அழைத்துப் பேசச் செய்ய வேண்டும். கோவண்டி, மான்குர்டு மக்களைத் தாராவி மக்களுக்கு எதிராக நிறுத்தும் சூழ்ச்சிக்கு இடந்தராமல், இரு பகுதியினரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவர வேண்டும். தூய காற்று அவர்கள் இருவருக்குமான பொதுக் கோரிக்கை.

தமிழன், மராட்டியன், வடவன் என்று பிரித்துப் பேசும் குரல்கள் இந்நேரத்தில் ஓங்கும். தோல் கூடத்திலும் சூளையிலும் குப்பைப் பட்டறையிலும் அடுத்தடுத்து நின்று உழைத்தவர்கள் வீட்டுரிமைக்காகவும் அடுத்தடுத்து நிற்க முடியும். தாராவிக்கு வரையப்பட்ட எல்லைக்கோட்டை அழித்து, தேவ்னார் வரை நீட்டி வரையும் வேலையை அவர்களே செய்ய வேண்டும். கட்சி அவர்களோடு நிற்கும்.